குமிழி பார்க்கிறவர்

கரண்ட் போனதும் மற்றவர்கள் தீப்பெட்டியைத் தேடுவார்கள். அன்ஸ்லம் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொள்வார். வாயை இறுக மூடி, இரண்டு கன்னமும் உப்ப, செருப்பில்லாத காலோடு, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய ஒழுங்கையைக் கடந்து எங்கள் வீட்டுக்குள் வருவார். கதவைத் தட்டும் பழக்கமெல்லாம் கிடையாது. என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், மாதா படத்துக்குக் கீழே, ஒரு பலகையில், மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் அவருடைய சின்ன எயார் மோட்டர் இருக்கிறது. அதன் சுவிட்சைப் போட்டு, அது தேனீ மாதிரி இரையத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறப்பார். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல ஒரு பெருமூச்சு வரும். "மன்னிச்சுக்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஓடுவார். தன் வீட்டு மீன் தொட்டியில் குமிழி மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டுமே.

"நானே போட்டு விடுவேனே அண்ணே, எனக்கு இந்த சுவிட்ச் எட்டாதா?" என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

"நீ போடுவ. ஆனா போட்டது எனக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

எங்கள் ஒழுங்கை ஒரு விசித்திரமான ஒழுங்கை. அவர் இருக்கும் பக்கத்துக்கு ஒரு இடத்திலிருந்து கரண்ட் வருகிறது, எங்கள் பக்கத்துக்கு வேறு இடத்திலிருந்து. ஆகவே கரண்ட் வெட்டும் அட்டவணையில் அவர்களுக்கு ஒரு எழுத்து, எங்களுக்கு இன்னொரு எழுத்து; நேரமும் வேறு. அந்தப் பக்கம் இருட்டும்போது இந்தப் பக்கம் பல்ப் எரியும். எங்கள் பக்கம் நிற்கும்போது அவர்கள் வீட்டில் சம்பல் அரைத்து வாங்கிவருவோம். கால்வாய்க் கரையில் பலவருடமாய் முகம் பார்க்காதிருந்தவர்கள்கூட இந்தப் பஞ்ச காலத்தில், ஒருவர் வீட்டில் ஒருவர் போனை சார்ஜில் போட்டுவிட்டு, அது ஏறும்வரை உட்கார்ந்து கதைக்கிறார்கள். ஆண்டவர் எந்த வழியாகச் சமாதானத்தைக் கொண்டுவருகிறார் பாருங்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வயர் இழுத்து அயல் வீட்டுக்குக் கரண்ட் கொடுத்தால் குற்றம். அதனால் அன்ஸ்லம் அண்ணன் காற்றை இழுத்தார். சுண்டுவிரலைவிட மெல்லிய, கண்ணாடி போன்ற குழாயைத் துண்டு துண்டாக வாங்கி ஒட்டி, எங்கள் ஜன்னலிலிருந்து ஒழுங்கை ஓரத்து ஈரப்பலாக் கிளைக்கு, அங்கிருந்து அவர் ஜன்னலுக்கு. மோட்டர் எங்கள் வீட்டில் இரையும். குமிழி அவர் வீட்டில் கிளம்பும்.

"கரண்டு கடத்தினாத்தானே பிடிப்பாங்க. காத்துக் கடத்தினவன ஆர் பிடிக்கிற?" என்று அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அந்தத் தொட்டியில் இருப்பது ஒரே ஒரு மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். முன்பு இரண்டு இருந்தன. கரண்ட் வெட்டு தொடங்கிய புதிதில், காலையில் போனது பொழுதுபட்டும் வராமல் இருந்த ஒரு நாளில், அன்ஸ்லம் அண்ணன் காஸ் வரிசையில் நின்றார், அவர் மனைவி மேர்லின் கோயிலில் இருந்தாள். அவர் வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்தபோது ஒன்று பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. மற்றது தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் தண்ணீர் மொண்டு ஊற்றி ஊற்றியே காப்பாற்றினார். ஆனால் அன்றிலிருந்து அது நோஞ்சான். குமிழி கொஞ்ச நேரம் நின்றாலே போதும், மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கிவிடும்.

அண்ணனின் தொழில், சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது. பெட்ரோல் இல்லாமல் ஊரே சைக்கிளில் ஏறிவிட்டதால் அவருடைய தகரக் கொட்டகைக்கு முன்னால் எப்போதும் நாலைந்து சைக்கிள் தலைகீழாக நிற்கும். டியூபில் காற்றடித்து, பேசினில் இருக்கும் தண்ணீரில் அமுக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். மற்ற கடைக்காரர்கள் குமிழி வந்ததும் சந்தோஷமாக அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இவர் முகம் ஒரு கணம் வெளிறிப்போகும். பிறகு பெருவிரலால் அந்த இடத்தை அமுக்குவார், காயத்தை அமுக்குவது போல.

"இங்க குமிழி வந்தாப் பிழை, வீட்டில வராட்டிப் பிழை. என்ட தலையெழுத்தப் பாரு" என்பார்.

வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "அண்ணே, என்ட டியூப முதல்ல பாருங்க, உங்கட மீனுக்கு நான் மூச்சுக் குடுக்கிறேன்" என்பான் ஒருவன். "மீனுக்கு ஒரு ஹெல்மட் வாங்கிப் போடுங்க" என்பான் இன்னொருவன். அவர் கோபப்படமாட்டார். காதிலேயே விழாதவர் போலத் திருகு சாவியைத் தேடுவார்.

வேறு சில பழக்கங்களும் உண்டு. இஞ்சிச் சோடா திறந்தால் நுரை அடங்கும் முன்னே, கண்ணில் நீர் வர, ஒரே மடக்கில் குடித்துவிடுவார். சோற்றுப்பானை கொதிக்கும்போது மேர்லின் அடுப்பை அணைக்கப் போனால், "கொஞ்சம் பொறு" என்பார். வீட்டில் கதிரை இருந்தாலும் தொட்டிக்கு முன்னால் ஒரு குட்டைப் பலகையில், ஒரு முழங்காலை மடித்து, புருவத்தின் மேல் கை வைத்துத்தான் உட்காருவார். கூரைக்குக் கீழே ஏது வெயில்? மழை பெய்தால் கால்வாய்ப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் ஏன் என்று எனக்கு முதலில் தெரியாது. தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கொடி தைக்கத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது மேர்லின்தான் சொன்னாள்.

பாறைத் திட்டுகளுக்குப் போய், தொட்டிகளில் வளர்க்கும் அழகு மீன்களை உயிரோடு பிடிக்கும் படகுகள் உண்டு. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இருவர் கீழே இறங்குவார்கள். மேலே ஒருவர் படகில் உட்கார்ந்து, அவர்கள் விடும் மூச்சு குமிழியாக வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அன்ஸ்லம் அண்ணனின் வேலை. குமிழி எங்கே போகிறதோ அங்கே படகும் போகும். குமிழி நின்றால் ஆளை இழுக்க வேண்டும். அதற்காக இடுப்பில் ஒரு கயிறும் இருக்கும். மேலே இருப்பவர் ஒரு இழுப்பு இழுத்தால் 'எப்படி இருக்கிற?' என்று அர்த்தம். கீழேயிருந்து இரண்டு இழுப்பு வந்தால் 'இருக்கிறேன்'.

கீழே இறங்குகிற இருவரில் ஒருவர் அண்ணனின் சொந்தத் தம்பி டெரன்ஸ். ஒருநாள் கயிறு பாறையில் சிக்குகிறது என்று டெரன்ஸ் அதைக் கழற்றிவிட்டார். "கயித்த விடு அண்ணே, நீ மேல பாத்துக்க" என்றாராம். குமிழி வந்துகொண்டுதான் இருந்தது. அப்போது மழை வந்தது.

"நீ மழை பெய்யக்குள்ள கடலைப் பாத்திருக்கியா அக்கா?" என்று மேர்லின் என்னிடம் கேட்டாள். "ஒவ்வொரு துளி விழக்குள்ளயும் ஒரு வட்டம், ஒரு குமிழி. கடல் முழுக்கக் குமிழிதான். இந்த மனுசன் கண்ண எடுக்காமப் பாத்துக்கொண்டுதான் இருந்திச்சி. ஆனா எந்தக் குமிழி தம்பிட, எந்தக் குமிழி மழைட எண்டு ஆருக்குத் தெரியும்? வருது வருது எண்டு நினைச்சிக்கொண்டு இருந்திட்டுது."

மற்றவர் மட்டும் மேலே வந்தார். கையில் டெரன்ஸ் கொடுத்துவிட்ட தண்ணீர்ப் பை இருந்தது. "பின்னால வாறான்" என்று சொன்னார். பையில் இரண்டு கோமாளி மீன் இருந்தன.

நான் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். மஞ்சளும் வெள்ளையுமாகத் துணி என் மடியில் கிடந்தது. ஒரு 'அருள்நிறை மரியே' சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கன்னம் உப்ப ஓடிவரும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கரண்ட் நிற்கும் 'டப்' சத்தம் கேட்டாலே அவருக்கு முன்னால் நான் எழுந்துவிடுகிறேன். பயமும் சளி மாதிரிதான், பக்கத்து வீட்டுக்குத் தொற்றும்.

இந்த வருடம் சூசையப்பர் திருநாள் வந்தது. சிற்றாலயத்திலிருந்து, ஆட்கள் தோளில் சுமக்கும் கூண்டில் கிளம்பும் அவர் சுரூபம் எங்கள் ஒழுங்கை வழியாகத்தான் போய்த் திரும்பும். திருநாள் கமிட்டித் தலைவர் நிஹால் மதியமே ஆட்களோடு வந்தார். நல்ல மனிதர்தான். குரல்தான் லொறி ஹோன்.

"அன்ஸ்லம் அண்ணே! இந்த ஈரப்பலாக் கிளைய வெட்டப் போறோம். கூண்டு உயரம். குழாயையும் கழட்டுங்க."

அண்ணன் பேசினிலிருந்து ஈரக் கையோடு எழுந்தார். "பின்னேரம் எங்கட பக்கம் கரண்ட் இருக்கா?"

"இருக்கு அண்ணே. அட்டவணையப் பாத்துத்தானே பவனி நேரத்த வச்சோம்."

"நிச்சயமா இருக்கா?"

"சூசையப்பர் கையில லீலிப் பூ இருக்கு, நீட்டுக்கு. அது உங்கட குழாயில கொளுவிச் சுரூபம் விழுந்தா ஊர் என்னை விடுமா? ஒரு மீனுக்காக ஒரு அர்ச்சிஷ்டவர விழுத்தச் சொல்றீங்களா?"

"நிச்சயமா இருக்கா எண்டுதான் கேக்கிறேன்."

"அய்யோ, இருக்கு! என்ட அம்மா மேல ஆணை!"

அண்ணன் குழாயைக் கழற்றினார். சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். கிளையை வெட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அந்தப் பின்னேரம் முழுவதும் அவர் அந்தச் சுருளைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டபோதும் அதன் மேலேயே மாட்டியிருந்தார். மேர்லின் மெழுகுவர்த்தியோடு பவனிக்குப் புறப்படும்போது, "இதென்ன ஆளே, உத்தரியம் மாதிரி! கோயிலுக்கு வாறதெண்டா அதக் கழட்டிட்டு வா" என்றாள். "நீ போ, நான் வாசல்ல நிண்டு கும்பிடுறேன்" என்றார்.

நான் கால்வலியால் பவனிக்குப் போகவில்லை. நான் தைத்த கொடிகள் ஒழுங்கை நெடுகக் காற்றில் ஆடுவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய பகல் கடும் வெக்கை. கடல் பக்கம் மேகம் கறுத்து நின்றது. பாண்ட் வாத்தியம் ஆலயத்தடியில் கிளம்பி, ஒழுங்கை திரும்பும் முடக்கு வரைக்கும் வந்துவிட்டது. சூசையப்பரின் லீலி மட்டும் கூரைகளுக்கு மேலே தெரிந்தது.

டப்.

அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் ஒன்றாக இருண்டன. அட்டவணையில் இல்லாத வெட்டு. இதை நிஹால் மேல் சாட்டுவதும் நியாயமில்லை. இப்போதெல்லாம் அட்டவணையும் கரண்டும் ஒன்றையொன்று பார்த்தே பலநாள் ஆகிறது.

அண்ணன் கன்னம் உப்பியபடி என் ஜன்னலுக்கு வந்து குழாயின் ஒரு நுனியை எறிந்தார். நான் உள்ளே போய் அதை மோட்டரில் சொருகினேன்; அவரே ஜன்னலால் கைவிட்டுச் சுவிட்சைப் போட்டார். அவர் மற்ற நுனியோடு ஒழுங்கையைக் கடந்து தன் வீட்டுக்குள் ஓடி, தொட்டியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். ஆனால் குழாயைத் தாங்கக் கிளை இல்லையே. அது ஒழுங்கையின் குறுக்கே இடுப்பளவில் தொய்ந்து கிடந்தது. அவர் கொடியில் துணி தூக்கிவிடும் கவைக்கம்பை எடுத்துக் குழாயை உயர்த்தி நடு ஒழுங்கையில் நின்றார். முகம் தொட்டியின் பக்கம் திரும்பியது. வாசலுக்குள்ளே ஒரே இருட்டு.

நிஹால் கொடிக்கம்போடு முன்னால் ஓடிவந்தார். "என்ன அண்ணே இது! இறக்குங்க! சுரூபம் வந்திட்டுது!"

"ஏலாது."

"அரை மணித்தியாலத்தில செத்தா போயிடும்? ஒரு மீன் அண்ணே, ஒரே ஒரு மீன்!"

"ஒண்டுதான் மிச்சம், நிஹால்." அவ்வளவுதான் சொன்னார். கம்பை இறக்கவில்லை.

அப்போது முதல் துளி விழுந்தது. பிறகு பத்து. பிறகு ஒழுங்கைப் புழுதி முழுக்க.

அன்ஸ்லம் அண்ணனின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. கடலில் அன்றைக்கு எப்படி இருந்திருப்பார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஓடிப்போய்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். கம்பை விட்டால் குழாய் சுரூபத்தில் மாட்டிப் பிய்ந்துவிடும். நான் ஒழுங்கைக்கு இறங்கிக் கைநீட்டினேன். அவர் தூக்கிய உயரத்துக்கு என் கை எட்டவும் இல்லை, கம்பைத் தாங்க ஏலவும் இல்லை.

"தங்கச்சி" என்றார். "நீ போய்ப் பாரு."

சுவிட்சைக்கூட என்னை நம்பி விடாத மனிதர்.

காலை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் போனேன். வாசல் மாடத்தில் சுரூபத்துக்காக ஏற்றி வைத்திருந்த மெழுகுவர்த்தியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். குட்டைப் பலகையில் உட்கார்ந்தேன். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன வாய் 'ஓ, ஓ' என்று எதையோ சொல்வது போல இருந்தது. சூசையப்பரே, நல்ல மரணத்தின் பாதுகாவலரே, இன்றைக்கு மரணம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேன். குழாய் ஜன்னல் விளிம்பில் வழுக்கியது. நழுவிவிடக்கூடாது என்று அதைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

வந்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு சரம் சரமாக, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செபமாலை மணிகள் போல.

"வருது அண்ணே! வருது!" என்று கத்தினேன். ஆனால் பாண்ட்காரர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். மேளம், கூரைத் தகரத்தில் மழை, யாரோ நனையும் முன்னே கொளுத்திவிட்ட சீனவெடி. என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஜன்னலால் பார்த்தேன். அவர் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வாயை அசைத்தார். 'வருதா' என்கிறார் என்று தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன். இருட்டுக்குள் இருக்கும் என் தலை அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது என் கையில் குழாய் அசைந்தது. காற்று என்று நினைத்தேன். மறுபடியும் அசைந்தது. காற்று அப்படி அசைக்காது. மெதுவாக, தெளிவாக, கம்பின் பக்கமிருந்து ஒரு இழுப்பு.

குழாயைப் பக்குவமாக இரண்டு முறை இழுத்தேன்.

வெளியே அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சுரூபம் குழாய்க்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. கம்பை எவ்வளவு உயர்த்தியும் லீலி அதைவிட உயரம். நிஹால் கையை விரித்தார். பாண்ட் தடுமாறி ஓய்ந்தது. கூண்டைச் சுமந்தவர்களில் முன்னால் நின்றவர் கிழட்டு பெர்டினண்ட், வள்ளம் செய்கிறவர். அவர் நிமிர்ந்து குழாயைப் பார்த்தார், நனைந்து நிற்கும் அன்ஸ்லம் அண்ணனைப் பார்த்தார்.

"தோள இறக்குங்கடா" என்றார். "சூசையப்பரும் தச்சன்தானே. பதிஞ்ச கதவு நிலைக்குக் குனிஞ்சு போன பழக்கம் இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். தோளிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு, கூண்டு இறங்கியது. சூசையப்பர் சற்றே சாய்ந்து, மழைநீர் தாடியில் வடிய, அந்த மெல்லிய குழாய்க்குக் கீழே நுழைந்து போனார். லீலி பட்டும் படாமலும் கடந்தது. பாண்ட் திரும்பவும் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார்கள். அணைந்த மெழுகுவர்த்தியோடு வந்த மேர்லின் கணவனைக் கடக்கும்போது தன் முக்காட்டைக் கழற்றி அவர் தலையில் போட்டுவிட்டு நடந்தாள். அவர் சுரூபத்தையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. மூடிய கண்ணோடு நின்றார். என் கையில் குழாய் ஒரு முறை அசையும். நான் இரண்டு முறை இழுப்பேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் அசையும்.

மீன் மெல்லக் கீழே இறங்கி, எப்போதும் நிற்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

பவனி ஒழுங்கையைத் தாண்டியது. மேளச் சத்தம் கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்த் தேய்ந்தது. பிறகு கரண்டும் வந்தது. தொட்டிக்கு மேலிருந்த பல்ப் எரிந்தது. அவர் வீட்டிலேயே இருந்த மற்ற மோட்டர் தானாகவே இரையத் தொடங்கியது. மழையும் தூறலாகி விட்டது.

"அண்ணே! கரண்ட் வந்திட்டுது! மீன் நல்லா இருக்கு! கம்ப இறக்கிட்டு உள்ள வாங்க!"

இப்போது என் குரல் அவருக்குக் கேட்டது. கண்ணைத் திறந்து இந்தப் பக்கம் திரும்பினார். வெளிச்சமான ஜன்னலையும் என்னையும் பார்த்தார். நனைந்த கொடிகளுக்குக் கீழே, ஒருவரும் இல்லாத ஒழுங்கையின் நடுவில், மனைவியின் முக்காட்டோடு, கம்பை உயர்த்தியபடியே நின்றார்.

என் கையில் குழாய் ஒரு முறை அசைந்தது.